படங்கள் இறங்கிப் போன புத்தகம்

சங்குமுனை அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்த படங்களெல்லாம், மாசி மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில், பிரேயர் முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிற நேரத்தில், புத்தகத்தை விட்டு இறங்கி வெளியே போய்விட்டன. முதலில் போனது முயல். குடலும் ஈரலும் வெளியே தெரிய நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வருஷக்கணக்காக மல்லாந்து கிடந்த அது, எழுந்து காதை உதறிக்கொண்டு, சன்னல் வழியாகக் குதித்து, சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடியது. பின்னாலேயே அட்டை ஊர்ந்தது, அமீபா வழிந்தது, நீளவாக்கில் பிளந்த செம்பருத்தி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து நடந்தது, நாலறை இதயம் ஒவ்வொரு படியிலும் ஒரு துடிப்பு வைத்து இறங்கியது, நரம்புச் செல் தன் நீள வாலை இழுத்துக்கொண்டு போனது, பாசிப் பாடத்துப் படங்கள் மட்டும் எங்கும் நிற்காமல் நேரே கடலுக்குள் இறங்கின. முப்பத்தெட்டுப் பேர் புத்தகத்திலிருந்தும் முப்பத்தெட்டு முயல் கிளம்பியிருக்க வேண்டும், ஆனால் வாசலைத் தாண்டும்போது அது ஒரே முயலாகத்தான் இருந்தது, எப்படி என்று கணக்கு சார்கூடக் கேட்கவில்லை. பக்கங்களில் மிஞ்சியவை தலைப்பும், எண்ணும், பாகங்களைக் குறிக்கிற அம்புக்குறிகளும்தான். அந்த அம்புகள் எதைக் காட்டுகிறோம் என்று தெரியாமல் வெள்ளைத்தாளைக் குத்திக்கொண்டு நின்றன.

வகுப்பே கூச்சல் போட்டபோது, பிறவியிலேயே பார்வை இல்லாத வினோலிக்கு மட்டும் எதுவும் போனதாகத் தெரியவில்லை. அவளுக்கு அந்தப் புத்தகம் என்றைக்கும் வழுவழுப்பான வெறும் தாள்தான். பக்கத்தில் உட்காரும் முனீஸ்வரி ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்குப் பாடம் படித்துக் காட்டுகிறாள், படித்துக்கொண்டே போய் ‘படம் 7.3-ஐப் பார்க்க’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்திச் சட்டென்று தாண்டிவிடுவாள், வினோலியோ தாண்ட விடமாட்டாள். “நில்லு. பார்க்கன்னு யாருட்ட சொல்லுது அது? என்னையக் கேட்டுச்சா? நூத்திப் பன்னெண்டு தடவ சொல்லியிருக்கு இந்த வருஷம், ஒரு தடவ தொடுக, மோந்து பார்க்கன்னு சொல்லியிருக்கா?” என்று புத்தகத்தோடேயே சண்டைக்குப் போவாள். சண்டை அவளுக்குப் பிடிக்கும். பஸ் கண்டக்டரோடு, மறைக்கல்வி சிஸ்டரோடு, ரேஷன் கடை மிஷினோடுகூட அவள் வாதாடியிருக்கிறாள்.

முந்தின வெள்ளிக்கிழமைதான் பெரிய வாதம் ஒன்று நடந்திருந்தது. ஊரெல்லாம் பெரிய டீச்சர் என்று கூப்பிடும் தலைமையாசிரியை இந்திராணி, வினோலியின் அம்மா ரோசலியை அழைத்து ஒரு படிவத்தை மேசைமேல் வைத்தார். மாசி கடைசியில் அறிவியல் செய்முறைத் தேர்வு. அதிலிருந்து விலக்குக் கேட்கிற படிவம் அது. ரோசலி பாசி எடுக்கப் போகிறவள், கடலிலிருந்து நேரே வந்திருந்ததால் விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் நின்றாள்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க ரோசலி. பார்வையில்லாத பிள்ளைக்கு விலக்கு உண்டு. அரசாங்கமே தர்ற சலுகை.”

“விலக்குன்னா எங்க பக்கம் மூணு நாளுதான் டீச்சர். இவளுக்கு எத்தனை நாளு?”

பெரிய டீச்சர் பேனா மூடியைத் திருகினார். பக்கத்தில் நின்ற அறிவியல் ஆசிரியர் கோமதிநாயகம் சார் சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

“எனக்கு ஒம்பதாம் வகுப்புலயே ஆரம்பிச்சாச்சும்மா,” என்றாள் அம்மாவோடு நின்ற வினோலி. “லேபு நடக்குறப்ப நான் வராண்டாவுல.”

“அங்கன நல்லா காத்து வருதுன்னுதாம் பிள்ள உக்காரச் சொன்னேன்,” என்றார் சார். அவர் அம்பாசமுத்திரத்துக்காரர், நல்ல மனுஷர்.

“காத்துக்கு மார்க் உண்டா சார்?”

பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்பது வினோலியின் பிடிவாதம். செய்முறை எழுதாதவளை அறிவியல் பிரிவில் சேர்ப்பதில்லை என்பது பெரிய டீச்சரின் பிடிவாதம். இரண்டுக்கும் நடுவில் அந்தப் படிவம். ரோசலி அதை மடித்து மடிக்குள் செருகிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாள். படங்கள் இறங்கிப் போனது அதற்கு மூன்றாம் நாள்.

சங்குமுனை அதிசயங்களைக் கும்பிட்டு ஒதுக்கிவைக்கிற ஊரல்ல, எதுவந்தாலும் அதற்கு ஒரு வேலை கொடுத்துப் பழகிய ஊர். நரம்புச் செல் கரையில் கிடந்ததைப் பார்த்த வலை பின்னுகிறவர்கள், யாரோ சிக்கலோடு போட்டுவிட்டுப் போன நைலான் நூல் என்று நினைத்து, ஒரு முழுப் பகல் உட்கார்ந்து சிக்கெடுத்தார்கள். இதயத்தை வள்ளக்காரர் ஒருவர் வலையோடு தூக்கி வந்து, திருஇருதயம் வந்திருக்கிறது என்று மாதா சிலை இருக்கும் கல்குகையான கெபியில் வைக்க, பெண்கள் மெழுகுதிரி ஏற்ற, கோமதிநாயகம் சார் மூச்சிரைக்க ஓடிவந்து, “இது நீள்வெட்டுத் தோற்றம்மா, பெருந்தமனி பாருங்க, நாலு அறை எண்ணிப் பாருங்க” என்று மன்றாடினார். பங்குச் சாமியார் எண்ணிப் பார்த்துவிட்டு, நாலு அறை இருந்தால் நாலு குடும்பத்துக்கு இடம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். முயலை நாய்கள் துரத்தவில்லை, அதன்மேல் அச்சு மை வாடை அடித்தது. கரப்பான்பூச்சிப் படமும் ஊருக்குள்தான் எங்கேயோ இருந்தது, ஆனால் எது படம் எது பூச்சி என்று யாராலும் பிரிக்க முடியாததால் அந்த மாசியில் சங்குமுனையில் ஒரு கரப்பானையும் யாரும் அடிக்கவில்லை.

பெரிய டீச்சர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். இறங்கிப் போன படங்கள் எத்தனை, எந்தத் திசையில், யார் அனுமதியின் பேரில் என்பதை மூன்று படிகளில் அனுப்பவும் என்று பதில் வந்தது. அனுப்பினார். படமில்லாத பள்ளியில் படம் வரைவதும் செய்முறையும் எப்படி நடக்கும், ஆகவே முப்பத்தெட்டு மாணவருக்கும் விலக்கு அளிக்கலாம் என்று அடுத்த பதில் வந்தது. அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஊர் திரண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டது.

“எங்க பிள்ளைகள எதுக்கு டீச்சர் விலக்கி வைக்கிறீக? என்ன குத்தம் செஞ்சாக?”

“குத்தம் இல்லீங்க, இது சலுகை.”

“யாருக்கு வேணும் சலுகை? பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதான்னு கேட்டுட்டு மார்க் போடுங்க. கேக்காமலே தெரியாதுன்னு முடிவு கட்டுனா அது என்ன நியாயம்?”

வராண்டாவில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த வினோலிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக அவள் தொண்டை வறளச் சொன்னதையெல்லாம், ஒரு வார்த்தை பிசகாமல், ஊரே சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பிலேயே அவளுக்குக் கோபமும் வந்தது, தனக்கு என்று வந்தபோது இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் என்று. ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கோபப்பட நேரமில்லை, அவளுக்குத் தொட வேண்டியவை நிறைய இருந்தன.

ஏனென்றால் புத்தகத்தை விட்டு இறங்கிய படங்களுக்கு உடம்பு இருந்தது. தாளில் இருந்தவரை வழுவழுப்பைத் தவிர ஒன்றுமில்லாதவை, வெளியே வந்ததும் தடிப்பாக, ஈரமாக, மேடும் பள்ளமுமாக, கைக்கு அகப்படுகிறவையாக ஆகியிருந்தன. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அமீபாவைக் கண்டுபிடித்தது வினோலியின் உள்ளங்கைதான். தோசை அகலம் இருந்தது, நடுவில் பிடிபட்ட கடலையுருண்டை போன்றதுதான் உட்கரு என்று அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது, அது ஒரு பக்கம் நீண்டு அவள் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டபோது, நாலு வருஷமாக மனப்பாடம் செய்துவைத்திருந்த ‘போலிக்கால்’ என்ற வார்த்தை முதன்முதலாக அவள் கையில் அசைந்தது. செம்பருத்தியின் சூலறைக்குள் விரலை விட்டுச் சூல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். கெபியில் இதயத்தின் இடது பக்கச் சுவர் வலது பக்கத்தைவிடத் தடிப்பாக இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, “முனீசு, இதப் புத்தகத்துல போட்டிருக்கா?” என்று கேட்டாள். “போட்டிருக்கு, நாந்தான் வாசிச்சேன், நீதான் தூங்கிட்ட” என்றாள் முனீஸ்வரி. பத்து நாள் வினோலி காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவாள், கையெல்லாம் மையாக.

மனிதக் கண்ணின் படம் மட்டும் அவள் வீட்டு வாசலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. பாருங்கள், எங்கே வரவேண்டுமோ அங்கே வந்திருக்கிறது, ஏதோ நடக்கப் போகிறது என்று பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து மண்ணில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

“எதுக்கு எல்லாரும் உக்காந்திருக்கீக?” என்றாள் வினோலி.

“அது உன்னையப் பாக்க வந்திருக்கும்மா.”

“அது கண்ணோட படம் மாமா. படத்துக்கு எங்க கண்ணு தெரியும்?”

கூட்டம் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கலைந்தது. அதன்பிறகு அந்தக் கண்மேல் மண் விழாமல் ரோசலி தினமும் வாசல் தெளிக்கும்போது ஒரு கை தண்ணீர் அதற்கும் ஊற்றினாள்.

படங்களைத் திரும்பக் கூப்பிடுகிற வழி தெரியவந்தது ரோசலி செய்த ஒரு தப்பினால். பாசி எடுக்கிற பெண்கள் கடலுக்குள் முங்கிக் கையால் தடவித்தான் எடுப்பார்கள், கலங்கின தண்ணீரில் கண்ணாடி போட்டிருந்தாலும் கைதான் முதலில் பார்க்கும். அப்படித் தடவி எடுத்த கட்டக்கோரைப் பாசியோடு, புத்தகத்திலிருந்து இறங்கிப் போயிருந்த ‘படம் 2.1 சர்காசம்’ என்பதையும் அவள் ஒடித்துச் சாக்குக்குள் போட்டுக் கொண்டுவந்து கரையில் காயப்போட்டுவிட்டாள். இரண்டும் ஒன்றுதான், ஒன்று வீட்டுப் பேர், மற்றது பள்ளிக்கூடப் பேர். வெயிலில் பாசியைப் புரட்டிப் போடுவது வினோலியின் வேலை. பக்கத்தில் முனீஸ்வரி, எழுத்தாவது இருக்கிறதே என்று வினோலியின் புத்தகத்தை மடியில் விரித்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதுல ஒன்னு பாசி இல்ல. கடல் வாடையே இல்ல, மை வாடை அடிக்குது.”

“போடி, கட்டக்கோரைய எனக்குத் தெரியாதா? இருவது வருசமா எடுக்குறேன்.”

“இதுல குமிழு எல்லாம் ஒரே அளவு இருக்கு. நெசப் பாசியில அப்படியா இருக்கும்?”

ரோசலி அதை வாங்கி ஒரு குமிழை நகத்தால் நெரித்தாள். “சத்தமே வரல. முத்துன கட்டக்கோரைன்னா குமிழு டப்புன்னு வெடிக்கும், எளசுன்னா சவசவன்னு அமுங்கும், அதக் கேட்டுத்தான நாங்க இந்தப் பாறையில இப்ப எடுக்கலாமா, ஒரு மாசம் விட்டு வரலாமான்னு முடிவு பண்ணுவோம்.” அவள் சொல்லி முடிக்கவில்லை, அந்தப் படம் அவள் கையிலிருந்து நழுவி, மணலில் ஊர்ந்து, முனீஸ்வரி மடியிலிருந்த புத்தகத்தின் பதினாறாம் பக்கத்தில் ஏறித் தன் அம்புக்குறிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டது.

முனீஸ்வரி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வினோலி பின்னாலேயே போய்ப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். வழுவழுப்பு. மேடு இல்லை, குமிழ் இல்லை, ஈரம் இல்லை. காலையில் கையில் இருந்தது மறுபடி வெறும் தாளாகிவிட்டது.

மறுநாளிலிருந்து ஊரே படம் கூப்பிடுகிற ஊராகிவிட்டது. புத்தகத்தில் எழுதாத ஒன்றை, தன் உடம்பால் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொன்னால் படம் வருகிறது என்பதை எல்லாரும் புரிந்துகொண்டார்கள். கோமதிநாயகம் சார் மட்டும் முதல் நாள் முழுக்க அட்டைக்குப் பின்னால் நடந்து, “வளைதசைப்புழு, இருபால் உயிரி, முப்பத்து மூன்று கண்டங்கள் கொண்டது” என்று வரையறை சொல்லிப் பார்த்தார். அட்டை திரும்பவேயில்லை. சாயங்காலம் களைத்துப்போய் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, யாருக்கும் இல்லாமல், “எங்க ஊர் வயல்ல நடவுக்குப் போனா கெண்டைக்கால்ல ஏறிரும், வலிக்கவே வலிக்காது, வீட்டுக்கு வந்து ரத்தத்தப் பாத்தப்புறந்தான் தெரியும், எங்கம்மை சுண்ணாம்பத் தொட்டு வச்சா சுருண்டு விழுந்துரும்” என்று சொன்னார். அட்டை வந்து அவர் முழங்காலில் ஏறிக்கொண்டது. இருபத்தோரு வருஷமாக அட்டை நடத்திய மனுஷர் அன்றைக்குத்தான் அந்தப் பாடத்தில் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். இதயம் யாருக்கும் வராமல் இருந்து, கடைசியில் மதுரையில் நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த பீட்டர், “மாடிப்படியில ஏழாவது படி வரைக்கும் என்னுது, எட்டாவது படி அதுக்கு” என்று சொன்னபோது, கெபியை விட்டு இறங்கி வரத் தயாராக நின்றது.

ஆனால் படங்கள் வேறு யார் புத்தகத்திலும் ஏற மறுத்தன. மற்ற முப்பத்தேழு புத்தகங்களிலும் முயலுக்கு மீசை, அமீபாவுக்குக் கூலிங்கிளாஸ், இதயத்துக்குள் யார் யாரோ பேர் என்று பிள்ளைகள் கிறுக்கிவைத்திருந்தார்கள். கிறுக்காத புத்தகம் வினோலியுடையது ஒன்றுதான். அவளோ அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரமாட்டேன் என்றுவிட்டாள்.

பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது.

“புத்தகத்தக் கொடும்மா,” என்றார் பெரிய டீச்சர். “கூப்பிட்ட படமெல்லாம் வாசல்ல வந்து நிக்குது.”

“தரலாம் டீச்சர். உள்ள போனதும் மறுபடி தாளாயிருமே, அதுக்கு என்ன பதில்? நீங்கள்லாம் பத்து வருசமாப் பாத்தீக. நான் பத்து நாளாத்தான் பாக்குறேன். அதுக்குள்ள மூடி வைக்கச் சொன்னா எப்படி?”

முனீஸ்வரி எழுந்தாள். “அப்ப நான் படம் பாக்காமப் பரிச்ச எழுதணுமா? எனக்கு மார்க்கு வேணாமா? ஒன்னாம் வகுப்புலேர்ந்து தொண்ட கட்ட உனக்கு வாசிச்சது யாருடி? உனக்கு இல்லாதப்ப நான் வாசிச்சேன்ல, எனக்கு இல்லாதப்ப நீ என்ன செஞ்ச?”

வினோலி புத்தகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டே எழுந்து, மண்டபத்தை விட்டு நடந்து, அம்மா பாசி காயப்போட்டிருக்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ரோசலி பின்னாலேயே வந்தாள். மகளுக்கு ஆறுதல் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை, அவளும் சண்டைக்காரிதான். “அவ கேட்டதுல என்ன தப்பு?”

“நான் கேட்டதுலயும் தப்பு இல்லம்மா.”

“நீ கேட்டத ஆரு தப்புன்னா? ரெண்டுல ஒன்னுதான் முடியும்னு எவ சொன்னா? பாசிக்காரி மகளாடி நீ? நாங்க கட்டக்கோரை எடுக்குறப்ப என்ன செய்யுறோம், பாறையோட பேத்தா எடுக்குறோம்? அடித்தூரப் பாறையில விட்டுட்டுத் தலையத்தான ஒடிக்கிறோம். தூரு பாறைக்கு, தலை நமக்கு. பாறையும் மொட்டையாகல, நம்ம சாக்கும் காலியா வரல.”

வினோலி புத்தகத்தை மணலில் வைத்து, பதினாறாம் பக்கத்தைத் திறந்து, உள்ளங்கையை வழுவழுப்பின்மேல் வைத்து, எல்லாரோடும் வாதாடுகிற அதே குரலில் படத்தோடும் வாதாட ஆரம்பித்தாள். “நீ பாசிதான? பாசி எங்கயாச்சும் பாறைக்குள்ள போய்ப் படுக்குமா? தூர மட்டும் தாள்ல ஊனிக்க. தலை வெளியில ஆடட்டும். பாக்குறவுக பாக்கட்டும், தொடுறவுக தொடட்டும். இடத்தையும் விட வேணாம், உடம்பையும் விட வேணாம்.”

அவள் உள்ளங்கைக்குக் கீழே ஒரு குமிழ் புடைத்தது, இன்னொன்று புடைத்தது, தண்டு விரலுக்கு நடுவில் நிமிர்ந்தது, கட்டக்கோரை முழுசாக எழுந்து, தூரைப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு, கடல் காற்றில் தலையை ஆட்டியது. வினோலி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடி, முனீஸ்வரி கையில் கொடுத்து, “பாத்துக்க” என்றாள். “தொட்டுக்க” என்று அதையே அவளுக்கு நீட்டினாள் முனீஸ்வரி. இரண்டு பேரும் அதோடு பேச்சை விட்டுவிட்டு, முயலைக் கூப்பிடப் போனார்கள்.

மூன்று நாளில் எல்லாம் வந்து சேர்ந்தன. கண் மட்டும் யார் எது சொன்னாலும் அசையவில்லை, வினோலிதான் கடைசியில், சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, “எனக்கு ஒன்னும் தெரியாது உன்னையப் பத்தி. வெங்காயம் உரிச்சா எனக்கும் எரியுது, அவ்வளவுதான் தெரியும்” என்றாள். கண் கலங்கி, எழுந்து, நேரே தன் பக்கத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை மூட முடியவில்லை. முயலின் காது ஒரு பக்கம் நீட்டியது, செம்பருத்தி மறுபக்கம் விரிந்தது, இதயம் துடிக்கத் துடிக்கப் பக்கங்கள் ஏறி ஏறி இறங்கின. இரண்டு பேர் சேர்ந்து ரொட்டிக்கடைத் தட்டில் வைத்துத்தான் அதைத் தூக்க முடிந்தது. முப்பத்தெட்டுப் பேருக்கும் அந்த ஒரே புத்தகம்தான் என்பதால் வகுப்பு அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தது, சார் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, பாதிப் பாடத்தைக் கடலுக்குள்ளேயே நடத்தினார். பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து மெல்லத் தூக்கினால், தன் பசையிலேயே அது தாளில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர் காட்டிக்கொடுக்க, எந்தப் பாசி எந்தத் தாளில் எவ்வளவு நேரத்தில் ஒட்டும் என்பதை ரோசலியும் அவள் கூட்டாளிகளும் காட்டிக்கொடுத்தார்கள்.

மேலிடத்திலிருந்து வந்த பொது விலக்கைப் பெரிய டீச்சர் திருப்பி அனுப்பினார். தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கறுப்புக் குடையும் பச்சை மையும் உள்ளவர், பட்டியலைப் பார்த்துவிட்டு, “வினோலிங்கிற மாணவிக்கு விலக்குப் படிவம் வந்திருக்கணுமே?” என்று கேட்டார். வாசலில் நின்ற ரோசலி மடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஒரு கொத்து மரிக்கொழுந்துப் பாசி, நரம்பு நரம்பாக விரிந்து, அழகாக ஒட்டிக் காய்ந்திருந்தது.

“என்னம்மா இது?”

“பாசி ஒட்டப் பழகுறப்பக் கைக்கு அகப்பட்ட தாளு சார். கவர்மெண்ட் தாளு கெட்டியா இருக்குல்ல, நல்லாப் பிடிச்சிருச்சு.”

தேர்வாளர் பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் படிவத்தைப் பார்த்தார், வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்சநேரம் பார்த்தார், பிறகு தன் மேசை இழுப்பறையில் வைக்காமல் சுவரில் ஆணியில் மாட்டினார். “அந்தப் பிள்ளை உள்ளதான் இருக்கா சார். மூணாம் நம்பர் தட்டு.”

வினோலி தட்டில் கையை விட்டாள். “கஞ்சிப்பாசி. பள்ளிக்கூடப் பேர் கிராசிலேரியா. சிவப்புப் பாசி வகை, சிவப்புன்னு எனக்கு வாசிச்சாக, நான் சொல்லுறது கையால. வழுக்கும். எளசுல நெரிச்சாப் படக்குன்னு ஒடியும். காய்ஞ்சா நூலாயிரும். இதுல கஞ்சி காய்ச்சிக் குடிப்போம்.”

“படக்குன்னு ஒடியும்னு புத்தகத்துல இல்லையே.”

“அது புத்தகத்தோட தப்பு சார், பாசியோடது இல்ல. நீங்களே தொட்டுப் பாருங்க.”

அவர் சட்டைக் கையை மடித்தார். பாசி இனங்கள் என்ற பாடத்தைப் பத்தொன்பது வருஷம் நடத்திய அந்த மனிதர் முதல்முறையாக ஒரு பாசிக்குள் கையை விட்டார், ஒடித்தார், படக்கென்று கேட்டது. இன்னொன்று ஒடித்தார். பிறகு தேர்வை மறந்துவிட்டு மூன்றாவதையும் ஒடித்தார். வினோலிக்கு இருபத்தைந்துக்கு இருபத்து நாலு போட்டார். குறைந்த ஒன்று, பச்சை மையை எதற்குப் பச்சை என்று சொல்கிறீர்கள், எனக்கு விளங்கச் சொல்லுங்கள் என்று அவள் அவரோடு கால்மணி நேரம் வாதாடியதற்கு.

ஆனி பிறந்து பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கிய அன்று, பள்ளி வாசலில் வரிசை தெருமுனைவரை நின்றது. பிள்ளைகள் மட்டுமல்ல. புத்தகத்துக்குள் போனால் உடம்பு போகாது என்ற செய்தி கடலுக்குள் எப்படியோ பரவியிருந்தது, எந்தப் புத்தகத்திலும் இதுவரை இடம் கிடைக்காதவையெல்லாம் கிளம்பி வந்திருந்தன. மதிப்பெண் சான்றிதழோடு நின்ற முனீஸ்வரிக்குப் பின்னால் பக்கோடாப் பாசி நின்றது, அதற்குப் பின்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு கடல்குதிரை, அதற்குப் பின்னால் வேரில் சேற்றோடு தாழை என்கிற கடல்புல் ஒரு கொத்து, அதன் அடியில் ஓலைக்கால் நண்டு ஒன்று. பெரிய டீச்சர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, பேனாவைத் தட்டி, முன்னால் நின்றவளிடம் கேட்டார்.

“பேரு?”

“தெரியாதா டீச்சர்?”

“பதிவேட்டுக்குத் தெரியாதுல்ல. சொல்லு.”

“மரிய வினோலி.”

“எந்தப் பிரிவு?”

“அறிவியல்.”

பெரிய டீச்சர் எழுதினார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, அவளுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி, வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டார். “ஏய், அந்த நண்டு யாரு கூட வந்தது? எத்தனை தடவ சொல்லுறேன், வரிசையில நிக்கத் தெரியலன்னா வெளிய போகச் சொல்லுங்க.”

நண்டு முன்னால் வரத்தான் பார்த்தது. ஒவ்வொரு அடியும் அதைப் பக்கவாட்டில் கொண்டுபோய் வரிசைக்கு வெளியே விட்டது. மறுபடி வந்தது, மறுபடி வெளியே போனது.

வினோலி கீழே குனிந்து, மணலில் கால்கள் கீறுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். “அது ஒழுங்காத்தான் நிக்குது டீச்சர். வரிசைதான் குறுக்கால இருக்கு.”

பெரிய டீச்சர் பேனாவை வைத்தார். கோமதிநாயகம் சாரைப் பார்த்தார். சார் மேசையின் ஒரு முனையைப் பிடித்தார், பெரிய டீச்சர் மறுமுனையைப் பிடித்தார், இருவரும் சேர்ந்து அதைத் தூக்கி வாசலின் பக்கவாட்டில் போட்டார்கள். வரிசை தோளோடு தோள் நின்று சிரித்தது. பிள்ளைகளும், அவர்களைச் சேர்க்க வந்த அப்பா அம்மாக்களும், பாசியும், குதிரையும், தாழையும், பக்கவாட்டில் ஓரடி, பக்கவாட்டில் ஓரடி என்று நகர்ந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, மேசையை நோக்கிப் போனார்கள். நண்டு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தது.